அக்கரைக் கல்லூரியும் இக்கரை மாணவரும்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே, இருபுறமும் குறுகிய நீரிணைகள் சூழக் கிடப்பது பாராடாங் தீவு. சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் காண வரும் பயணிகள் அதனை அரைநாட் காட்சியாகக் கண்டு மீள்வர். அங்கே குடியிருப்போர்க்கோ அது வயலும் வீடும் பள்ளியும் கொண்ட ஊர். அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் புறப்படும் வேளையில் எதிர்கொள்ளும் வினாக்கள், தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர் அனைவர்க்கும் பெரும்பாலும் பொதுவானவையே. ஆதலின் பாராடாங்கை முன்னிறுத்தி, கல்லூரி மாணவர்க்கு உள்ள உதவிகள் எவை, அவற்றை அடையும் வழி யாது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் வழியைக் காண்போம். அந்தமானின் தலைநகர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு முன் போர்ட் பிளேயர் என வழங்கிற்று. அந்நகரிலிருந்து பாராடாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் ஜாரவாப் பழங்குடியினரின் காப்புக் காடு அமைந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அக்காட்டையும் அம்மக்களையும் காத்து நிற்கிறது. எனவே வாகனங்கள் தாம் விரும்பிய நேரத்தில் செல்ல இயலாது. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் நின்று, குறித்த நேரத்தில், காவல் துணையுடன் ஒரே தொடராகச் செல்லவேண்டும். காட்டைக் கடந்தபின் நீரிணையை வாகனப் படகில் தாண்டினால்தான் நீலாம்பூர்த் துறையை அடையலாம்.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் இதனால் விளையும் ஒரு முடிவைப் பெற்றோர் உணரவேண்டும். பாராடாங் மாணவர் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் தலைநகர்க் கல்லூரிக்குச் சென்று வருவது நடவாத காரியம். தலைநகரில் காலையில் நடைபெறும் நுழைவுத் தேர்வுக்குக்கூட முதல்நாளே புறப்பட்டு, அங்கு ஓர் இரவு தங்கியாகவேண்டும். கல்லூரி என்றால் விடுதி. விடுதி என்றால் பணம். ஆகவே பாராடாங் குடும்பத்துக்குக் கல்வி உதவி என்பது வசதிக்கு உரிய பொருளன்று. படிப்பு நடைபெறுமா நின்றுவிடுமா என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது.

தலைநகரில் அரசினர் கல்லூரி தோன்றியது 1967-இல். இன்று ஜவாஹர்லால் நேரு இராஜகீய மகாவித்யாலயம் என்ற பெயரால் அது அறியப்படுகிறது. வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசினர் கல்லூரி 1990-இல் தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பொறியியல், ஆசிரியப் பயிற்சி, சட்டம், மருத்துவம் ஆகியவற்றுக்கும் தீவுகளிலேயே நிறுவனங்கள் அமைந்தன. ஆயினும் தாம் விரும்பும் பாடம் அங்கு இல்லாதபோதும், இடம் கிட்டாதபோதும் மாணவர் பெருநிலத்துக்கு வரவேண்டியவராகின்றனர். சென்னைக்குக் கப்பற் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். அக்கப்பல்களில் தீவினர்க்கும் பிறர்க்கும் கட்டணம் வேறு வேறு. தீவினர் என்பதற்குரிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்போர்க்கே குறைந்த கட்டணம் கிடைக்கும். இங்கேயே நம் பொருளின் மையம் தொடங்கிவிடுகிறது. உதவி இருக்கிறது, ஆனால் அது முதலில் கேட்பது, “நீ எவ்வூரைச் சேர்ந்தவன்?” என்ற வினாவைத்தான்.

இவ்வினாவின் கடுமையைப் பாராடாங்கிலேயே காணலாம். அத்தீவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் ராஞ்சிக்காரர் என்று அழைக்கப்பெறும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இவர்கள் சோட்டா நாகபுரிப் பீடபூமியிலிருந்து, 1918 முதற்கொண்டு, காட்டு வேலைக்காக அழைத்துவரப்பட்டோரின் வழியினர். ஓராண், முண்டா, காரியா முதலிய பழங்குடியினர். அவர்களுடைய பூர்விக நிலத்தில் அச்சமூகங்கள் அட்டவணைப் பழங்குடியினராக ஏற்கப்பட்டுள்ளன. அந்தமானிலோ அந்தப் பட்டியலில் தீவுகளின் தொல்குடிகளாகிய அந்தமானியர், ஜாரவர், ஓங்கி, சென்டினலியர், நிகோபாரியர், ஷோம்பென் என்னும் அறுவகையினரே இடம்பெற்றிருக்கின்றனர். கடலைக் கடந்துவந்த ராஞ்சிக்காரர் தம் உழைப்பைக் கொண்டுவந்தனர். தம் தகுதியைக் கொண்டுவர இயலவில்லை.

தமிழரின் நிலையும் இதனை ஒத்ததே. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில், அந்தமான் நிகோபார்த் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். வாணிகத்துக்கும் கட்டட வேலைக்கும் அரசுப் பணிக்கும் வந்தோர் பலர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உளர். இவர்களுள் தமிழகத்தில் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படுவோர் பல குடும்பத்தினர். ஆனால் அந்தமான் நிகோபாருக்கு அட்டவணைச் சாதிப் பட்டியல் என்ற ஒன்றே அறிவிக்கப்பெறவில்லை. எனவே தமிழகத்தில் ஒரு தகுதியைப் பெற்றிருந்த குடும்பம், தீவு நிருவாகத்தின் கண்ணில் அத்தகுதி அற்றதாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் எவருடைய தீய எண்ணமும் அன்று. அரசியலமைப்பின் 341, 342-ஆம் பிரிவுகள் இப்பட்டியல்களை ஒவ்வொரு மாநிலத்துக்கும், ஒன்றிய ஆட்சிப் பகுதிக்கும் தனித்தனியே வகுக்கின்றன. ஒரு சமூகம் ஓரிடத்தில் அனுபவித்த தாழ்வு மற்றோரிடத்தில் அதே அளவில் இருந்திருக்க வேண்டுவதில்லை என்பது அதன் அடிப்படை. 1990-இல் உச்சநீதிமன்றம் முடிவுசெய்த ஒரு வழக்கு, மாணவர் ஒருவரைப் பற்றியதே. ஆந்திரத்தில் பழங்குடியினராகக் கருதப்பட்ட குடும்பத்திற் பிறந்து, தந்தையின் வேலையை முன்னிட்டுச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து வளர்ந்த அவர், அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அப்பிரிவின்கீழ் இடம் கோரினார். குடிபெயர்ந்தவர் தம் தகுதியைப் புதிய மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மும்பையில் வாழும் தமிழர்க்கும், தில்லியிலும் பெங்களூரிலும் வாழ்வோர்க்கும் இத்தீர்ப்பின் நிழல் படர்ந்தே இருக்கிறது.

ஆனால் இத்தீர்ப்பைப் பாதியாக அறிந்தோர், “நமக்கு ஒன்றும் இல்லை” என்று ஒதுங்கிவிடுவது பெரும்பிழை. பழைய மாநிலத்தில் உள்ள தகுதி அழிந்துவிடுவதில்லை. மைய அரசின் கல்வி நிறுவனங்களிலும் அது செல்லும். புதுவைப் பல்கலைக்கழகம், தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் போன்றவற்றில், தமிழக அதிகாரி முறைப்படி வழங்கிய அட்டவணைச் சாதிச் சான்றிதழைக் காட்டி, அந்தமானில் வளர்ந்த மாணவரும் இடம் கோரலாம். தந்தை தம் பூர்விக மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் இருப்பின், அதனை ஆதாரமாகக் கொண்டு, பிள்ளைக்கு இப்போது வாழும் மாவட்டத்தின் அதிகாரியே சான்று வழங்கலாம் என்று மைய உள்துறை அமைச்சகம் 1980-களிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அத்தகைய சான்று வாழும் மாநிலத்தின் சலுகைகளைத் தராது. பூர்விக மாநிலத்துக்கும் மைய அரசுக்கும் உரியவற்றைப் பெற்றுத்தரும். தந்தையின் பழைய தாள் ஒன்று மகளின் கல்லூரிக்கு வழி திறக்கிறது என்றால், அத்தாளைப் பத்திரமாக வைப்பது எத்துணை இன்றியமையாதது!

அரசினரின் அறிவிப்புகளைத் தமிழாக்கும் அலுவலில் உள்ள நமக்கு, சில சொற்கள் எப்போதும் கவலை தருபவை. பிறப்பிடச் சான்று என்பது வேறு; இருப்பிடச் சான்று என்பது வேறு. முன்னது ஒருவருடைய பூர்விகம் எந்த மாநிலத்தது என்பதைக் கூறும். பின்னது அவர் இப்போது எங்கு வாழ்கிறார் என்பதைக் கூறும். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம். விண்ணப்பத்தில் ஒன்றைக் கேட்க, மற்றொன்றை இணைத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மொழிபெயர்ப்பில் நேரும் ஒரு சொற்பிழையைத் திருத்திக்கொள்ளலாம்; கடைசி நாள் கடந்த விண்ணப்பத்தைத் திருத்த இயலாது. தமிழகத்துக்கு வெளியே எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று, தமிழகத் தொழிற்கல்லூரிகளில் தமிழகத்தவராக இடம் கோருவோர் பிறப்பிடச் சான்றே காட்டவேண்டும். அதனை வழங்குவது பூர்விக ஊரின் வருவாய்த்துறை. பாராடாங்கிலிருந்து அவ்வூருக்கு எத்தனை நாட் பயணம் என்பதை எண்ணிப் பார்த்தால், அதனை எப்போது தேடத் தொடங்கவேண்டும் என்பது விளங்கும். பதினோராம் வகுப்பு விடுமுறையே அதற்கு ஏற்ற காலம்.

இனி உதவித்தொகைகளுக்கு வருவோம். அவற்றை இரு கூறாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் நீங்கும். ஊரைப் பற்றிக் கேளாமல் மதிப்பெண்ணையும் வருவாயையும் மட்டும் பார்த்துத் தருபவை ஒரு கூறு. ஊரைக் கேட்டே தருபவை மற்றொரு கூறு.

முதற் கூற்றில் தலையாயது, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்க்கான மைய அரசின் உதவித்தொகை. ஆண்டுதோறும் 82,000 பேருக்குப் புதிதாக வழங்குவதற்கென இது வகுக்கப்பட்டது. பாதி மாணவர்க்கு, பாதி மாணவியர்க்கு. தம் தேர்வு வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், முதல் ஐந்தில் ஒரு பங்கினருள் ஒருவராக மாணவர் இருத்தல் வேண்டும். குடும்ப ஆண்டு வருவாய் 4.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயும், பட்ட மேற்படிப்புக்கு 20,000 ரூபாயும் கிடைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இதனைப் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. வருகை குறைந்தமையால் உதவி இழப்பது வருந்தத்தக்கது. தீவு மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, திரும்பும் கப்பலின் நாளையும் முன்னரே கணக்கிடவேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியர்க்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். உடற்குறையுற்ற மாணவர்க்கு அதே குழுவின் சக்ஷம் உதவித்தொகை உண்டு. இரண்டிலும் குடும்ப வருவாய் 8 இலட்சத்துக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். பட்டயப் படிப்பினர்க்கும் இவை உரியன.

கடன் பெற எண்ணுவோர், 2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மித் திட்டத்தை அறிந்திருத்தல் நலம். குறிப்பிட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் பெற்றோர்க்கு, ஈடும் பிணையாளும் கேளாமல் வங்கிகள் கடன் தருவதற்கு இது வழிசெய்கிறது. நிலமும் வீடும் தம் பெயரில் இல்லாத குடிபெயர்ந்தோர்க்கு இதுவே பெரும் ஆறுதல். குடும்ப வருவாய் 8 இலட்சத்துக்கு உட்பட்டோர்க்கு, 10 இலட்சம் வரையிலான கடனில், படிப்புக் காலத்துக்கும் அதனை அடுத்த ஓராண்டுக்கும் வட்டியில் 3 விழுக்காட்டு உதவி வகுக்கப்பட்டுள்ளது. எனினும் கடன் கடனே. சேரவிருக்கும் நிறுவனம் அத்திட்டப் பட்டியலில் உள்ளதா என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் கூற்றில் முதன்மையானது, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்காக அட்டவணைச் சாதி மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகை. 1944-இல் தொடங்கிய இத்திட்டம் நாட்டின் பழைமையான கல்வி உதவிகளுள் ஒன்று. 2021-இல் திருத்திய நெறிமுறைப்படி, குடும்ப வருவாய் 2.5 இலட்சத்துக்கு உட்பட்டோர்க்குக் கட்டாயக் கட்டணங்களோடு, படிப்பின் வகைக்கும் விடுதி வாழ்வுக்கும் ஏற்ப ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை கிடைக்கும். இந்தியாவில் எங்குப் படித்தாலும் பெறலாம். ஆனால் எந்த மாநிலத்தின் வழியாக? மாணவர் எம்மாநிலத்துக்கு உரியவரோ அம்மாநிலத்தின் வழியாக. அந்தமானில் நிலையாகக் குடியேறிவிட்ட மூன்றாம் தலைமுறைப் பிள்ளை, தமிழகத்தில் பிறப்பிடச் சான்று பெற இயலாவிடில், இரு கரைக்கும் நடுவே நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியை அரசு கருதவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்வது குடிபெயர்ந்தோரின் உரிமை. அதுவரையில் பூர்விகத் தொடர்பைக் காட்டும் தாள்களை இழவாமல் காப்பது குடும்பத்தின் கடமை.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தையும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் பற்றிச் செய்தித்தாள்களிற் படித்து, மாதம் 1,000 ரூபாய் தம் பிள்ளைக்கும் வரும் என நம்பியிருப்போர் உண்டு. அவை ஆறாம் வகுப்பிலிருந்து தமிழக அரசுப் பள்ளிகளிலோ, அரசுதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ பயின்றோர்க்கென வகுக்கப்பெற்றவை. தமிழராய்ப் பிறந்தமை மட்டும் அதற்குப் போதாது. கிடையாத ஒன்றை எதிர்நோக்கிக் கிடைக்கும் ஒன்றைத் தவறவிடலாகாது.

மைய உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பிக்கும் இடம் தேசிய உதவித்தொகை இணையவாயில். விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்ததெனக் கருதலாகாது. கல்லூரி அதனைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது உயிர்பெறும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருந்தால்தான் பணம் வந்து சேரும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கல்லூரி அலுவலகத்தை வணக்கத்தோடு அணுகி வினவுவதில் நாணம் வேண்டா.

கல்லூரியிற் சேர்ந்தபின் மாணவரைக் காக்கும் ஏற்பாடுகளும் உள. சேர்ந்த கல்லூரியை விட்டு வேறொன்றில் இடம் கிடைத்துச் செல்வோரின் பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அளவு வகுத்தது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னரே விலகினால் முழுத்தொகை, அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப்பின் 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50 விழுக்காடு. மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்திவைத்தல் கூடாது என்பதும் அவ்வறிவிப்பிலேயே உள்ளது. இதனை அறியாத பெற்றோர் சான்றிதழை மீட்கக் கடல் கடந்து அலையும் நிலை நேரலாம். அரசின் டிஜிலாக்கர் என்னும் மின்னணுப் பெட்டகத்தில் வைத்த சான்றிதழ்களும் சட்டப்படி செல்லும். கப்பற் பயணத்தில் நனையும் அச்சமும் அவற்றுக்கு இல்லை.

புதுமுக மாணவரைத் துன்புறுத்தும் ராகிங் கொடுமையைத் தடுக்க 2009-இல் விதிகள் இயற்றப்பட்டன. இரவும் பகலும் இயங்கும் 1800 180 5522 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தெரிவிக்கலாம். மனச் சோர்வும் தனிமையும் வருத்தும்போது, 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். வேற்று மொழி வழங்கும் நகரில், உள்ளத்தின் துயரைத் தாய்மொழியிற் சொல்ல ஒரு காது இருப்பது சிறு உதவியன்று. உடற்குறையுற்ற மாணவர்க்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசுதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரியது.

ஊரைவிட்டுச் செல்லவே இயலாதோர் என் செய்வது? வயது முதிர்ந்த பெற்றோரைக் காப்போரும், வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்குவோரும் உளரன்றோ? அவர்கட்கு 1985-இல் நிறுவிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு; அதன் மண்டல நிலையம் ஒன்று தீவுத் தலைநகரிலேயே இருக்கிறது. 2017-இல் தொடங்கிய ஸ்வயம் இணையப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கே கட்டணம். 2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமானையும் இணைத்துக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்பட்டதன்பின், தீவுகளில் இணையத்தின் வேகம் பெருகிற்று. பெருநிலத்துக்குச் செல்ல மூன்று நாள் ஆகும் பாதையில், பாடம் இன்று நொடியில் வந்து சேர்கிறது.

நிறைவாக, வெளிமாநிலங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கத்தார்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். விழாக்களையும் நாடகங்களையும் நடத்தும் நாம், ஆண்டுக்கு ஒருநாள், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து, தந்தையின் சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று, வருவாய்ச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவை செம்மையாக உள்ளனவா என்று பார்க்கலாகாதா? அரசு அலுவலில் உள்ளோர் இருவர் அமர்ந்தால் போதும், செலவும் பெரிதன்று. பாராடாங்கில் அவ்வாறு அமர்வோர், அடுத்த வீட்டு ராஞ்சிக்காரரின் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொள்ளட்டும். இருவரும் ஒரே பள்ளியிற் படித்து, ஒரே படகில் நீரிணையைக் கடந்து, ஒரே வினாவுக்கு விடை சொல்லப் போகிறவர்கள். அவ்விடையைப் புறப்படுமுன் அவர்கள் கையில் கொடுத்தனுப்புவது மூத்தோராகிய நம் பொறுப்பு.